பிரியந்தியின் தீவுக்குப் போன வழி

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் வெயில் வந்தது. வெயிலில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டின் மேல் இருந்த எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டுமாம். மழையும் பனியும் ஓயாத டயகமத் தோட்டத்தில் உலர்ந்த இடத்துக்கு நான் எங்கே போவது?

சுதர்ஷினியிடம் சொன்னேன், சிரித்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் வருவதில்லை. அந்தச் சின்ன நாற்காலிகளில் எங்களைப் போன்ற கிழடுகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருடம் இதே நாளில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இப்போது டயரி எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில்!

பக்கத்துக் காம்பரா மூக்கன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சோலமல, நீ எழுதுறது கவ்வாத்து வெட்டுற மாதிரியே இருக்குடா. ஒவ்வொரு கெளையா பாத்துப் பாத்து வெட்டுற."

சரிதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியே பழகிய கை இது. வேறு எப்படி எழுதும்?


ஜனவரி 21, செவ்வாய்

மகன் ஜீவராஜ் போன் செய்தான். மறுபடியும் கொழும்புப் பேச்சு, அங்கே தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லி.

நவம்பர் மழையில், தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். குழாயில் தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டு மீனம்மா பார்த்துத் தூக்கிவிட்டாள். கை வீங்கியது, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து மகனுக்குத் தூக்கம் இல்லை. என் பெண்சாதி வேலாயி செத்துப் போய் நான்கு வருடம். அன்று முதல் இந்த வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில், நான் தனியாகத்தான் இருக்கிறேன். எனக்குக் குறையில்லை. அவனுக்குத்தான் குறை.

அவன் சொல்வது தப்பென்று சொல்ல முடியவில்லை. அதுதான் கஷ்டம்.


ஜனவரி 26, ஞாயிறு

பெரிய சேதி. மெதுவாக எழுதுகிறேன்.

என் மகள் பிரியந்தி மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். ஒரு தீவு முழுக்க அந்த ஒரு ஹோட்டல்தானாம். வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளைச் சுத்தம் செய்து கட்டில் விரிப்பது அவள் வேலை. இந்த வருடம் நன்றாக வேலை செய்தவர்களில் அவளும் ஒருத்தி. அதற்குப் பரிசாக, அப்பாவையோ அம்மாவையோ மூன்று நாள் விருந்தாளியாகக் கூப்பிடலாமாம். விமானம், படகு, சாப்பாடு எல்லாம் ஹோட்டலே பார்த்துக்கொள்ளும். ஆனால் கூட்டிப்போக அவளால் வர முடியாது. லீவு இல்லை.

ஜீவராஜுக்குக் கோபம். அவனாலும் என்னோடு வர முடியாது. தனியாக எப்படி என்று அவளோடு சண்டை. கடைசியில் நான் கேட்டேன்: "தனியா போயி தனியா வந்துட்டா?"

சண்டையை நிறுத்தினான். பிறகு சொன்னான்: "வந்துட்டீங்கன்னா கொழும்புப் பேச்ச நான் எடுக்கவே மாட்டேம்ப்பா. ஆனா வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்களும் மறுபேச்சு பேசக்கூடாது. லயத்த மூடிட்டு எங்களோட வந்துரணும்."

சரி என்றேன்.

என்ன தைரியத்தில் சொன்னேன்? ஹட்டன் டவுனைத் தாண்டிப் போனதே நாலைந்து தடவைதான்.


பெப்ரவரி 9, ஞாயிறு

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பரவாயில்லை. நிற்கிறது.

பிரியந்தி போனில் வழி சொன்னாள். விமானம் இறங்கியதும் எல்லாரும் போகிற பக்கம் போக வேண்டும். பாஸ்போர்ட் மேசை. பிறகு பை. பிறகு வெளி வாசல். அங்கே வெள்ளைச் சட்டை போட்டவர் என் பெயர் எழுதிய பலகையோடு நிற்பார். அவர் படகில் ஏற்றிவிடுவார். அவள் தீவில் நிற்பாள். எழுதி முடித்து அவளுக்கே வாசித்துக் காட்டினேன். போனிலேயே அழுதாள், அசட்டுப் பெண்.


பெப்ரவரி 17, திங்கள்

கொழும்பில் ஜீவராஜ் வீடு. டயகமவிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து கொழும்பு. இரண்டு பஸ்ஸிலும் ஏறுமுன் பெயர்ப் பலகையை வாசித்தேன். நடத்துனரிடம் கேட்கத் தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்டேன். கேட்டால்தான் பேச்சு வரும்.

மாடி வீடு. ஜன்னலுக்கு எதிரே வேறொரு வீட்டின் சுவர். மருமகள் பூரணி நல்ல பெண். எனக்காகக் கீரை வாங்கி வைத்திருந்தாள். மத்தியானம் அவள் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். "மாமா, பயத்துல இல்ல. நீங்க தெரியாம எறங்கிப் போயிட்டீங்கன்னா இந்த ஊர்ல எங்கன்னு தேடுறது?" என்றாள்.

அவள் போனபின் கதவை உள்ளேயிருந்து பார்த்தேன். பூட்டின் மேல் எழுதியிருந்தது தமிழ் இல்லை. அதனால் வாசிக்கவும் ஒன்றும் இல்லை.


பெப்ரவரி 18, செவ்வாய்

இது பிரியந்தியின் தீவு இல்லை.


அதே நாள், சாயங்காலம்

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. நடந்ததை எழுதுகிறேன்.

விமானத்தில் ஒரு பிழையும் நடக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். தீவுகள் தட்டில் கொட்டிய பயறு மாதிரி கிடந்தன. பாஸ்போர்ட் மேசையிலும் பிழையில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வாசலுக்கு எதிரே கடல். ரோடே இல்லை. நம்ம ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் அங்கே படகுகள் நிற்கின்றன. அதைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என்றாளே, அங்கே இருபது முப்பது பேர். எல்லார் கையிலும் பலகை. எல்லாம் இங்கிலீசு.

அப்போது அந்த ஆட்களைப் பார்த்தேன். சுவரோரமாக இரண்டு இரண்டு பேராக, மூட்டையை முன்னால் வைத்துக் குந்தியிருந்தார்கள். ஒருவன் கையில் அட்டையோடு அவர்களைத் தலை எண்ணிக்கொண்டு நடந்தான்.

போய்க் கடைசியில் குந்தினேன்.

யோசித்துச் செய்யவில்லை. என் கால் போய்விட்டது. தோட்டத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து காலையில், ஆள் எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போயிருக்கிறேன். ஆட்கள் வரிசையில் இருந்தால் நாமும் இருக்க வேண்டும். கங்காணி எண்ணி முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் எண்ணினான், கணக்குச் சரியாக வந்ததுபோலத் தலையாட்டினான். ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள், கெட்டியான தொப்பி. விருந்தாளிக்கு மரியாதை செய்கிறார்கள், பிரியந்தி பெரிய ஆளாகிவிட்டாள் என்று நினைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

படகு குதித்துக் குதித்துப் போனது. மேலெல்லாம் உப்புத் தண்ணீர். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இறங்கினால் மரம் இல்லை. வெள்ளை மணல், சீமெந்து மூட்டை, கம்பி, பெரிய மெஷின். ஹோட்டல் இன்னும் கட்டி முடியவில்லை போல என்று நினைத்தேன். அப்புறம் அங்கே நின்ற ஒருவன் என் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தான்.

கொடுத்தவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தொப்பிக்கு வெளியே என் நரைத்த மயிரைப் பார்த்த பிறகு அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

என்னோடு வந்தவர்கள் எல்லாரும் கட்டட வேலைக்கு எடுத்த வங்காளதேசத்து ஆட்கள். அவர்களில் ஒருவனைப் பாஸ்போர்ட் மேசையில் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். அந்தத் தலைக்கு என் தலை சரியாகிவிட்டது. அவர்கள் பேச்சு எனக்குத் தெரியாது. அங்கே சமைப்பவர் நம்ம நாட்டு ஆள், காலி ஊர்ச் சிங்களவர், பெயர் சோமபால. அவரைக் கூட்டிவந்தார்கள். சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். இந்த வயதிலும் உங்களை வேலைக்கு அனுப்பிவிட்டார்களோ என்று முதலில் பயந்துபோனாராம். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் போன் இங்கே வேலை செய்யவில்லை. அவர் போனில் பிரியந்தியின் நம்பரை நானே அமுக்கினேன்.

அவள் அழுத அழுகை. மூன்று மணி நேரமாகத் தேடுகிறார்களாம். அண்ணனுக்கும் சொல்லிவிட்டாளாம்.

நாளைக் காலையில்தான் படகு. சோமபாலவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். மீன் குழம்பு நல்ல காரம்.


பெப்ரவரி 19, புதன். காலை, படகுக்கு முன்

ஜீவராஜ் சோமபாலவின் போனில் கூப்பிட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிப்பா. வந்ததும் நம்ம வீட்டுக்குப் போயிருவோம். சாமான எடுக்க நான் டயகமவுக்குப் போறேன்" என்றான். அவ்வளவுதான்.

சாமான எடுக்கப் போறானாம். என்னா சாமான்? என் வீட்ட நான் இல்லாம எப்படித் தொறப்பான்? நான் என்னா செத்தா போயிட்டேன்?

எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைக்கிறான். தடுமாறினேனா? நேற்றிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பலகையைத் தேடாமல் போய்க் குந்தினேனே, அது கிழட்டுப் புத்தியா? இல்லை. இருபது வயதில் வந்திருந்தாலும் அங்கேதான் போய்க் குந்தியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரிய வைப்பது?


பெப்ரவரி 20, வியாழன்

பிரியந்தியின் தீவு. நேற்று மத்தியானம் வந்தேன். விமான நிலையத்துப் படகுத்துறையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்தவர், படகில் ஏற்றும்வரை விடவில்லை. என்னோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் ஏறினார். என் வயதுதான் இருக்கும். ஏறியதும் கண்ணை மூடினார், தீவு வந்ததும் திறந்தார். அவருடைய பை அவருக்கு முன்னால் போனது. அவர் பெயரை யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருக்கு அது பிடித்திருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். எனக்கு ஏன் பிடிக்கவில்லை?

பிரியந்தி மெலிந்திருக்கிறாள். ஆனால் நடை மாறிவிட்டது, வேகமாக நடக்கிறாள். யூனிபாரத்தில் இருக்கும்போது என்னைக் கட்டிப்பிடிக்கக்கூடாதாம். ஒரு மரத்துக்குப் பின்னால் போய்க் கட்டிப்பிடித்தாள்.

அறையைப் பற்றி எழுதினால் மூக்கன் நம்ப மாட்டான். குளிக்கும் இடத்துக்குக் கூரை இல்லை. வசதி இல்லாமல் அல்ல, வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கட்டிலில் எங்கள் லயத்துக் குடும்பம் ஒன்று முழுசாகப் படுக்கலாம்.


பெப்ரவரி 21, வெள்ளி

காலையில் கட்டிலை நானே விரித்து வைத்தேன். பிரியந்தி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அப்பா, நீங்க விரிச்சி வச்சா நான் வேல செய்யலன்னு சூப்பர்வைசர் நெனப்பாருப்பா. கலச்சி விடுங்க."

விரித்ததைக் கலைத்தேன். அவள் விரித்தாள். விரிப்பின் மூலையை இழுத்து மடித்துச் செருகும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். என் மகள் வேலை செய்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பரிசு கொடுத்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை.

சாப்பாட்டுக்கு அவளோடு போனேன். தீவின் நடுவில், மரங்களுக்குப் பின்னால், விருந்தாளிகள் கண்ணில் படாத இடத்தில் வேலைக்காரர்களின் அறைகள். நீளமான கட்டடம், வரிசையாகக் கதவு, கொடியில் துணி. "இதையும் லயம்னுதான் நாங்க சொல்றோம்" என்று சிரித்தாள். விருந்தாளிகளின் சாப்பாட்டை விட அங்கே பருப்பு நன்றாக இருந்தது.

அண்ணனுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டாள். "நான் பதறிட்டேம்ப்பா. என்னால நீங்க வீட்ட விட வேண்டியதாப் போச்சி." சொன்னது சரிதான் என்றேன். மகன் ஏமாந்து கொடுக்கிற வீடு எனக்கு வேண்டாம்.

திரும்பும்போது தள்ளுநாற்காலி ஏற்பாடு செய்கிறேன் என்றாள். இங்கே விமான நிலையத்தில் உட்கார்ந்தால் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் ஜீவராஜ் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்களாம். வழி தப்பவே தப்பாது.

வழி தப்பாதுதான். ஆனால் போவது நானாக இருக்காது, என் பையாக இருக்கும்.

"காலு நல்லாருக்கு புள்ள" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.


பெப்ரவரி 22, சனி

விமானம் ஏற உட்கார்ந்திருக்கிறேன். இது சரியான இடம். மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் இதையே காட்டினார்கள்.

வெளியே படகுத்துறையில் இன்றும் ஒரு கூட்டம் சுவரோரமாகக் குந்தியிருந்தது. என் கால் அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். நின்றேன். நின்று யோசித்தேன். பிறகு எதிர்ப்பக்கம் நடந்தேன்.

சின்ன விஷயம். யாரிடம் சொன்னாலும் இதில் என்ன இருக்கிறது என்பார்கள்.


பெப்ரவரி 23, ஞாயிறு. கொழும்பு

நேற்று ஜீவராஜும் பூரணியும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். காரில் ஏறிப் பார்த்தால் என் பாய், அண்டா, வேலாயியின் படம் எல்லாம் பின்சீட்டில் இருந்தன. போய் எடுத்து வந்துவிட்டான். மீனம்மாதான் தன்னிடமிருந்த சாவியால் கதவு திறந்துவிட்டாளாம்.

வேலாயியின் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவனே தொடங்கினான்.

"அந்தாளுங்க நல்லவங்களா இருக்கப்போயி தப்பிச்சீங்கப்பா. இல்லாட்டி?"

"இல்லாட்டி இன்னொரு ஆளுகிட்ட கேட்டிருப்பேன்."

"எப்பவும் கேக்குறதுக்கு ஆளு இருக்குமா?"

"ஒன் வீட்டுலதான்டா கேக்க ஆளு இல்ல. கதவு வெளிய பூட்டியிருக்கு."

வந்துவிட்டது வாயில். பூரணி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நாந்தான் பூட்டினேன் மாமா" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போனபின், பெரட்டைப் பற்றி ஜீவராஜிடம் சொன்னேன். புத்தி போகவில்லை, கால்தான் போனது என்றேன். தப்பான தீவுக்குப் போனேன், ஆனால் போன இடத்தில் நம்பரை அமுக்கியது நான்தான், சாப்பிட்டேன், படுத்தேன், சரியான தீவுக்கும் போய், இதோ வந்துவிட்டேன் என்றேன். இவ்வளவு நீளமாக அவனிடம் நான் பேசியதே இல்லை.

"நீங்க கான்ல கெடந்தத மீனம்மாக்கா போன்ல சொன்னப்ப நான் ரோட்டுலேயே ஒக்காந்துட்டேம்ப்பா" என்றான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. என் பயம் ஒரு பக்கம் என்றால் அவன் பயம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று எப்படிச் சொல்வது?

அன்று பேசிக்கொண்டபடிதான் நடக்க வேண்டும் என்றேன். வாக்கு வாக்குதான். கொழும்பில் இருக்கிறேன்.


பெப்ரவரி 25, செவ்வாய்

பூரணி வேலைக்குப் போனாள். பூட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மேசையில் சாவி.

கீழே பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தேன்.


பெப்ரவரி 27, வியாழன்

இன்றும் போனேன். கோவில் வரைக்கும். திரும்பும்போது ஒரு சந்து பிசகிவிட்டது. பழக்கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்குச் சொந்த ஊர் எங்கள் மலைப் பக்கத்துப் பொகவந்தலாவையாம். ஒரு மணி நேரம் போய்விட்டது.

வந்து பார்த்தால் ஜீவராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். நான் போனை எடுக்கவில்லையென்று வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறான். நான் வாங்கிய வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள், சந்து பிசகியதையும் கேட்டு வந்து சேர்ந்ததையும் சொன்னேன். பிறகு, "சனிக்கெழம அண்டாவ திருப்பிக் கொண்டுபோய் வச்சிருவோமா?" என்றான்.

நான் இன்னொரு பழம் உரித்தேன்.


மார்ச் 2, ஞாயிறு

டயகம. நேற்று ஜீவராஜ் சாமானை இறக்கிவிட்டு, கானுக்குப் பக்கத்தில் பிடித்து நடக்க ஒரு கம்பி நட்டுக் கொடுத்தான். பின்னேரம் ஆறு மணிக்கு நான் போன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அவன் மீனம்மாவுக்குப் போன் அடிப்பான். இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்தேன். கம்பி கொஞ்சம் கோணல். பிடித்துத்தான் நடக்கிறேன்.

மூக்கன் கதை கேட்க வந்தான். மண்வெட்டியைக் கையில் கொடுத்த இடத்தில் அவனுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "கவ்வாத்துக் கத்தி குடுத்திருந்தா அங்கயே வேலைக்கி நின்னிருப்ப" என்றான்.

நின்றிருப்பேன்தான்.


மார்ச் 30, ஞாயிறு

மழை. ஆறு மணி போனில் வழக்கமாக ஜீவராஜ் சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். இன்று வைக்கவில்லை. ஏப்ரல் லீவில் அவனும் பூரணியும் பிரியந்தியைப் பார்க்கப் போகிறார்களாம். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் விமானம்.

"அப்பா, அங்க எறங்கி வெளிய வந்ததும் எந்தப் பக்கம் போவணும்?"

பாஸ்போர்ட் மேசையிலிருந்து சொல்லத் தொடங்கினேன். வாசலுக்கு எதிரே கடல் இருக்கும், பயப்பட வேண்டாம். சுவரோரம் குந்தியிருப்பவர்களைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடந்தால் ஹோட்டல்காரர்களின் மேசைகள். படகில் இடப்பக்கம் உட்கார்ந்தால் தண்ணீர் மேலே அடிக்காது. பூரணியும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னான்.

"கொஞ்சம் மெதுவாப்பா. எழுதிக்கிட்டிருக்கேன்."